அகராதி பிடித்தவர்கள்

எங்கள் ஊர்ப் பக்கம் யாராவது கொஞ்சம் எகத்தாளமாகப் பேசினால் 'அகராதி பிடிச்சவன்' என்பார்கள். சின்ன வயசில் எனக்கு இது புரிந்ததே இல்லை. கையில் அகராதியைப் பிடித்துக்கொண்டு நடப்பவன் நல்ல பையனாகத்தானே இருக்க வேண்டும்? யாரும் அர்த்தம் சொல்லித் தரவில்லை. பெரியப்பா என்னை ரெண்டு தடவை அப்படித் திட்டி, ரெண்டு தடவையும் முதுகில் ஒன்று வைத்தார். அர்த்தம் தானாகப் புரிந்துவிட்டது.

இந்த வாரச் சமாசாரம் அதுதான். பெரியப்பா இல்லை, அர்த்தம் தானாகப் புரிவது.

இரண்டு மாசம் முன்னால் மாடி வீட்டு அம்மா, தன் பையனுக்கும் பெண்ணுக்கும் இங்கிலீஷ் பரீட்சையில் 'அன்சீன் பேஸேஜ்' என்றாலே ஜுரம் வருகிறது என்று என் மனைவியிடம் புலம்பியிருக்கிறார். பாடத்தில் இல்லாத ஒரு பத்தியைக் கொடுத்து, கீழே கேள்வி கேட்பார்களே, அது. என் மனைவி உடனே, "எங்க வீட்டுக்காரர் சனிக்கிழமை சாயங்காலம் சும்மாதான் இருக்கார். முப்பத்தஞ்சு வருஷமா பேங்க்ல இங்கிலீஷ்லதானே எழுதறார்! அனுப்புங்க" என்று சொல்லிவிட்டாள்.

(முப்பத்தைந்து வருஷமாக நான் எழுதும் இங்கிலீஷ் 'வித் ரெஃபரன்ஸ் டு தி அபவ்' என்ற ஒரே வாக்கியம். அதையும் முந்தின கடிதத்தைப் பார்த்துத்தான் எழுதுவேன். இது வெளியில் தெரிய வேண்டாம்.)

முதல் சனிக்கிழமை. ஏழாம் கிளாஸ் அண்ணன், ஆறாம் கிளாஸ் தங்கை, இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு செல்போன். ஆளுக்கொரு கதைப் புத்தகத்தைக் கொடுத்து "படிங்க" என்றேன். நாற்பது நிமிஷத்தில் ஆறு வரி முடிந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் செல்போனைத் தட்டி, வருவதில் முதல் அர்த்தத்தை எழுதி, அடுத்த வார்த்தைக்குப் போகிறார்கள்.

"அங்கிள், இந்தக் கதையில ரெண்டு பேர் 'பேங்க்'ல உக்காந்து மீன் பிடிக்கிறாங்க" என்றான் பையன்.

"சரி?"

"உங்க பேங்க்லயும் பிடிப்பீங்களா?"

லஞ்சுக்கு அப்புறம் கிட்டத்தட்ட அதுதான் என்று சொல்லவில்லை. கௌரவம். பின்னால் ஆறும் தூண்டிலும் இருக்கிறதே, அதைப் பார்த்தால் கரை என்று தெரியவில்லையா என்று கேட்டேன். "செல்போன்ல பணம் போடற இடம்னுதான் அங்கிள் முதல்ல வந்துச்சு" என்றாள் தங்கை. நிஜமாகவே அகராதி பிடித்தவர்கள்.

அப்போது வாசலில் துணி மூட்டையோடு இன்னொரு பையன் வந்து நின்றான். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரின் சின்ன மகன். அவனும் ஏழாவது, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் மீடியம். சட்டைகளை எண்ணிக் கொடுத்துவிட்டும் போகாமல் நின்றான். "உள்ள வந்து உக்காருடா" என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு, துணி கொண்டுவந்த வேட்டியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவனிடம் செல்போன் கிடையாது.

மூன்று பேரையும் தமிழிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு வாக்கியம் எழுதினேன்:

"அப்பா சொன்னபடி மாடிப்படியில் உட்கார்ந்து படி, பஞ்சப்படி வந்ததும் ஒரு படி கடலை வாங்கித் தருவார்."

"இதுல எத்தனை படி? எல்லாம் ஒரே படியா?" ஐந்து படி, ஐந்து அர்த்தம். ஒருவரும் செல்போனைத் தொடவில்லை. பஞ்சப்படி மட்டும் தகராறு செய்தது. இஸ்திரிக்காரர் மகன் சொன்னான்: "அது வந்தா கடலை வாங்கலாம்னா, காசுதான் சார் அது." அதற்குமேல் ஒரு மத்திய அரசு ஊழியராலும் அதை விளக்க முடியாது.

'இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக' என்று நம் தமிழ்ப் பரீட்சையில் காலங்காலமாக ஒரு கேள்வி வரும், ஞாபகம் இருக்கிறதா? எத்தனை அழகான பெயர்! இடத்தைச் சுட்டினால் பொருள் விளங்கும். நாமெல்லாம் இடத்தையும் பொருளையும் நோட்ஸிலிருந்து உருப்போட்டு எழுதி, ஐந்துக்கு நாலு வாங்கியவர்கள்.

அடுத்ததாக டமுக்கு விளையாட்டு. டமுக்கு என்று ஒரு வார்த்தை கிடையாது. (இருந்தால் எழுத வேண்டாம்.) "கொட்டுகிற மழையில் அவன் டமுக்கு இல்லாமல் கிளம்பினான், தொப்பலாக நனைந்தான்." டமுக்கு என்றால் என்ன?

"குடை!" என்றாள் தங்கை.

"ரெயின்கோட்டாக்கூட இருக்கலாம்" என்றான் அண்ணன்.

இஸ்திரிக்காரர் மகன் யோசித்துவிட்டு, "அறிவு" என்றான்.

மூன்றும் சரிதான். 'டமுக்கை விரித்தான்' என்று இன்னொரு வாக்கியம் வந்தால் ரெண்டு அடிபட்டுப் போகும். ஒரு வாக்கியம் வாசலைக் காட்டும். உள்ளே போக இன்னொன்று வேண்டும்.

அப்புறம் முறையாகவே ஆரம்பித்தேன். இதற்கென்று 1980-ல் கிளார்க், நேஷன் என்ற இரண்டு பேர் ஒரு வழி எழுதி வைத்திருக்கிறார்கள். நேஷன் நியூசிலாந்தின் வெலிங்டனில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பதையே ஆராய்ச்சியாகச் செய்த பேராசிரியர். ஐந்தே படிகள்.

முதல் படி: தெரியாத வார்த்தை ஆளா, பொருளா, செயலா, இல்லை செயல் நடந்த விதமா என்று பார். இரண்டாவது: அதே வாக்கியத்தில் அக்கம்பக்கம் பார், யார், எதை, யாருக்குச் செய்கிறார்கள்? மூன்றாவது: முன் வாக்கியத்தையும் பின் வாக்கியத்தையும் பார். 'ஆனால்' இருக்கிறதா, 'அதனால்' இருக்கிறதா? 'ஆனால்' என்று வந்தால் கதை திரும்புகிறது என்று அர்த்தம். நான்காவது: தைரியமாக ஊகி.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தெரியாத வார்த்தைகள் அதிகமாக இருந்தால் எவனாலும் ஊகிக்க முடியாது. கதைப் புத்தகத்தைத் துணையில்லாமல் படித்துப் புரிந்துகொள்ள, நூற்றில் சுமார் 98 வார்த்தை தெரிந்திருக்க வேண்டும் என்று அதே நேஷனும் ஹூ என்பவரும் 2000-ல் எழுதினார்கள். அதாவது பக்கத்துக்கு நாலைந்து வார்த்தைதான் இடறலாம். அதனால்தான் சின்னப் புத்தகமாகத் தேர்ந்தெடுத்தேன். (எங்கள் தலைமை ஆபீஸ் சர்க்குலரில் நூற்றுக்கு நூறு வார்த்தையும் தெரியும். ஒன்றும் புரியாது. அது வேறு வியாதி.)

ஐந்தாவது படி என்ன என்கிறீர்களா? அன்றைக்கு அவர்களும் கேட்டார்கள். மணி ஏழரை. டி.வி.யில் டாஸ் போட்டுவிட்டார்கள். "அது ஒண்ணும் பெரிசில்லை, அடுத்த வாரம் பாக்கலாம்" என்று எழுந்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை இஸ்திரிக்காரர் மகன் வரவில்லை. சட்டைகளை அவன் அப்பாவே கொண்டுவந்தார்.

"எங்க, வாத்தியார் வரலையா?" என்றேன்.

"வர மாட்டானாம் சார். இங்கிலீஷ் மீடியமே வாணாம், தமிழ் மீடியத்துல போடுன்றான். அதுக்கு மேல கேட்டா, படிப்பே வாணாம், அண்ணங்கூட மெக்கானிக் கடைக்குப் போறேன்றான். பெரியவனைத்தான் பிளஸ் டூவோட நிறுத்திட்டேன். இவனையாச்சும்னு பாத்தேன்." சட்டைகளை இரண்டு தடவை எண்ணினார். ஆறு சட்டைதான். "நீங்க தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்க கிளாஸுக்கு வந்துட்டுப் போன வாரம்தான் இப்படி ஆயிட்டான்."

சுருக்கென்றது. செருப்பை மாட்டிக்கொண்டு அவருடனே போனேன்.

இஸ்திரி வண்டிக்குப் பின்னால், கரி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வந்தது. கிளாஸில் ஒரு பத்தி. அண்ணனுக்குப் புது சைக்கிள் வரவில்லை, வேலை கிடைக்கிறது. தன் பழைய சைக்கிளை நன்றாகத் துடைத்து, காற்றடித்து, தம்பியிடம் 'ரிலக்டன்ட்லி' கொடுக்கிறான். தம்பி குதிக்கிறான். ரிலக்டன்ட்லி என்றால் என்ன என்று டீச்சர் கேட்டிருக்கிறார். ஒருவருக்கும் தெரியவில்லை. இவன் கை தூக்கியிருக்கிறான். அந்த வருஷத்தில் இங்கிலீஷ் கிளாஸில் அவன் கை தூக்கியது அதுதான் முதல் தடவை.

"என்ன சொன்னே?"

"'சந்தோஷமாக'ன்னு சொன்னேன் சார்."

கிளாஸ் சிரித்திருக்கிறது. டீச்சரும் லேசாகச் சிரித்துவிட்டு, "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும், சும்மா அடிச்சு விடக்கூடாது" என்றிருக்கிறார். அன்றிலிருந்து ரீசஸில் அவன் பெயர் 'ரிலக்டன்ட்லி'.

"அடிச்சு விடலை சார். நீங்க சொன்ன மாதிரிதான் பண்ணேன். 'லி'ன்னு முடியுது, அதனால எப்படிக் குடுத்தான்னு சொல்லுது. தொடச்சிருக்கான், காத்தடிச்சிருக்கான். தம்பி குதிக்கிறான். எங்கண்ணனும் பிளஸ் ஒன்ல கவர்மென்ட்டு குடுத்த சைக்கிளை அப்படித்தான் தொடச்சு எனக்குக் குடுத்துச்சு. சந்தோஷமாத்தான் குடுத்துச்சு."

என்னத்தைச் சொல்ல? நான் சொன்ன நாலு படியையும் ஒழுங்காக ஏறியிருக்கிறான். ஐந்தாவது படி இல்லாத மாடியிலிருந்து விழுந்திருக்கிறான். அந்தப் படியைக் கட்டாதவன் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று ராத்திரி, முன்னாலேயே படித்திருக்க வேண்டியதைப் படித்தேன். ஐஸபெல் பெக் என்ற அமெரிக்க அம்மையாரும் கூட இரண்டு பேரும் 1983-லேயே எழுதியிருக்கிறார்கள்: எல்லாச் சூழலும் ஒரே மாதிரி இல்லை. சில இடம் அர்த்தத்தைக் கையில் கொடுக்கும். சில இடம் ஜாடை காட்டும். சில இடம் வாயே திறக்காது. சில இடம் நேர் எதிர்த் திசையில் அனுப்பிவிடும். சைக்கிள் பத்தி நாலாவது ரகம். அங்கே தப்பு செய்தவன் மக்கு இல்லை, கவனமாகப் படித்தவன். கவனிக்காதவன் தப்புக்கூடச் செய்ய மாட்டான்.

1999-ல் ஸ்வான்போர்ன், டி குளோப்பர் என்று நெதர்லாந்துக்காரர்கள் இரண்டு பேர் இருபது ஆராய்ச்சிகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். சும்மா படித்துக்கொண்டு போகும்போது எதிர்ப்படும் தெரியாத வார்த்தைகளில் பிள்ளைகள் கற்றுக்கொள்வது நூற்றுக்குச் சுமார் 15. மீதி 85 கைநழுவுகிறது. ஒரே தடவையில் பிடிபடாது; ஒரு வார்த்தையைப் பல இடத்தில் சந்திக்க வேண்டும்.

இது நம் மீமாம்சைக்காரர்களுக்கும் தெரிந்த சங்கதிதான். குழந்தை எப்படிப் பேச்சைக் கற்கிறது என்பதற்கு அவர்கள் சொல்லும் உதாரணம்: பெரியவர் ஒருவர் சின்னவனிடம் "பசுவைக் கொண்டு வா" என்கிறார். அவன் கொண்டு வருகிறான். ஓரமாக நின்று பார்க்கும் குழந்தைக்கு மொத்தமாக ஏதோ புரிகிறது. எது பசு, எது கொண்டு வருவது என்று தெரியாது. அப்புறம் "பசுவைக் கட்டு, குதிரையைக் கொண்டு வா" என்கிறார். இப்போது பசு தனியாகவும், கட்டுவது தனியாகவும், கொண்டு வருவது தனியாகவும் பிரிந்து விழுகின்றன. அகராதி இல்லை, செல்போன் இல்லை. ஆனால் இரண்டாவது வாக்கியம் இருந்தது. முதல் வாக்கியத்திலேயே அந்தக் குழந்தையை எழுப்பிக் கேள்வி கேட்டு, சிரித்திருந்தால் அது பேசவே ஆரம்பித்திருக்காது.

எனக்குத் தெரியும். நான் ஆரம்பிக்கவில்லை.

மறுநாள் காலையில் இஸ்திரி வண்டியடியில் அந்தப் பையனுக்கு ஒரு கதை சொன்னேன். முப்பது வருஷத்துக்கு மேலாக என் மனைவிக்குக்கூடச் சொல்லாத கதை. வாரா வாரம் படிக்கிறீர்கள், உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

1989-ல் பேங்கில் சேர்ந்தேன். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் மீடியம். லீவு கேட்டு எழுதினால் 'சாங்ஷன்ட்' என்று மேனேஜர் கையெழுத்துப் போடுவார். லோன் சாங்ஷன், பிராவிடண்ட் ஃபண்ட் அட்வான்ஸ் சாங்ஷன். ஒரு வருஷத்தில் நூறு தடவை பார்த்திருப்பேன். சாங்ஷன் என்றால் அனுமதி, நல்ல சேதி. ஊகித்தேன், உறுதியும் செய்துகொண்டேன்.

1990 ஆகஸ்ட். ஈராக் குவைத்துக்குள் புகுந்துவிட்டது. ஐ.நா. சபை ஈராக் மேல் சாங்ஷன்ஸ் கொண்டுவந்ததாக இங்கிலீஷ் பேப்பரில் தலைப்பு. கேன்டீனில் எல்லோரும் வளைகுடாவைப் பற்றிப் பேசினார்கள். நானும் பேப்பரை மடித்துக்கொண்டு, முதல் தடவையாக வாயைத் திறந்தேன்: "ஈராக்குக்கு ஐ.நா.வே சாங்ஷன் குடுத்துட்டானே சார்! இனிமே என்ன பிரச்னை?"

காபி ஒருத்தர் மூக்கு வழியாக வந்தது. ஹெட் கிளார்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன லோன் தம்பி, ஹவுஸிங் லோனா?" என்றார். அதே வார்த்தைக்குத் தண்டனைத் தடை என்று நேர் எதிர் அர்த்தமும் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தலைப்பிலேயே 'அகெய்ன்ஸ்ட்' என்று ஒரு சின்ன வார்த்தை இருந்தது. எதிராக! அதைக் கவனித்திருந்தால் தப்பித்திருப்பேன். கேன்டீனில் என் பெயர் ரொம்ப நாளைக்கு 'சாங்ஷன்'.

எல்லோரும் அதை மறந்தார்கள். நான் மறக்கவில்லை. ஆபீசர் பரீட்சைக்கு இன்டர்வியூ இருக்கும், இங்கிலீஷில் பேச வேண்டும் என்று மூன்று வருஷம் அப்ளிகேஷனே போடவில்லை. கூடச் சேர்ந்தவர்கள் போட்டார்கள், போனார்கள். ஒரு வார்த்தை தெரியாததால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அதற்கப்புறம் வாயை மூடிக்கொண்டதால்தான் மூன்று வருஷ நஷ்டம்.

பையன் முதலில் சிரிக்காமல் இருக்கப் பார்த்தான். 'ஹவுஸிங் லோனா' என்ற இடத்தில் முடியவில்லை.

"அந்த அஞ்சாவது படி என்னா சார்?" என்றான்.

"சரிபார்க்கறது. ஊகிச்ச வார்த்தையை அந்த இடத்துல போட்டுப் பார். பொருந்துதா? பொருந்தினாலும் நம்பாதே. இன்னொரு இடத்துல பார், இல்லைன்னா அகராதியைப் பார், தெரிஞ்சவங்களைக் கேள். அதை நான் சொல்லாம விட்டேன். தப்பு என்னோடதுதான். நீ அஞ்சுக்கு நாலு சரியாப் பண்ணினே."

அகராதி எதிரி இல்லை ஸ்வாமி. அது கடைசியில் வர வேண்டிய ஆள். முதலிலேயே வந்து உட்கார்ந்தால் நம் மூளை எழுந்து போய்விடுகிறது.

இப்போது எங்கள் சனிக்கிழமைக் கிளாஸுக்கு ஒரு சட்டம் உண்டு. ஊகத்தைப் பென்சிலில் எழுத வேண்டும். பக்கத்தில் 'எதனால்' என்று காரணம். சரிபார்த்ததைப் பேனாவில் எழுத வேண்டும். பென்சிலை அழிக்கக் கூடாது. ஊகம் தப்பாக இருந்தாலும் காரணம் உருப்படியாக இருந்தால் அரை மார்க். காரணமில்லாமல் சரியாகச் சொன்னால் பூஜ்யம், அது லாட்டரி. யாராவது யார் ஊகத்துக்காவது சிரித்தால், சிரித்தவர் என் சாங்ஷன் கதையை மறுபடி கேட்க வேண்டும். (இந்தத் தண்டனைக்கு எல்லோரும் நடுங்குகிறார்கள்.)

போன சனிக்கிழமை இஸ்திரிக்காரர் மகன் முதல் ஆளாக வந்தான். சைக்கிளில்.

"சார், அஞ்சாவது படி பண்ணிட்டேன்."

"எந்த வார்த்தைக்கு?"

"ரிலக்டன்ட்லிக்கு."

"அகராதியைப் பாத்தியா?"

"எங்க டீச்சர்கிட்ட டிக்ஷனரி வாங்கிப் பாத்தேன் சார். நீங்க சொன்ன முறையெல்லாம் சொன்னேன், 'அட'ன்னாங்க. அப்புறம் அண்ணனையும் கேட்டேன். 'சைக்கிளை எனக்கு சந்தோஷமாத்தானே குடுத்தே?'ன்னு. கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், 'இல்லடா. ரெண்டு நாள் தூக்கம் வரல. அதான் அப்படித் தொடச்சேன்'னுச்சு."

நோட்டைக் காட்டினான். பென்சிலில் 'சந்தோஷமாக' என்று இருந்தது. அழிக்கவில்லை. பக்கத்தில் பேனாவில் எழுதியிருந்தான்: 'மனசில்லாமல். ஆனாலும் கொடுத்தான்.'

எங்கள் வீட்டு அகராதியை எடுத்துப் பார்த்தேன். 'மனமின்றி' என்பதோடு நிறுத்திவிட்டார்கள். அந்த 'ஆனாலும்' அதில் இல்லை. நோட்டில் முழு மார்க் போட்டேன்.

மாடி வீட்டுப் பையன் சும்மா இருப்பானா? "அங்கிள், நீங்க எங்களுக்குக் கிளாஸ் எடுக்கறதும் ரிலக்டன்ட்லிதானே? அன்னைக்கு மேட்ச் பாக்க ஓடினீங்களே!"

"ஊகம்தானே? போய் சரிபாரு. ஆன்ட்டியைக் கேளு."

அதற்குள் சமையலறையிலிருந்து குரல் வந்தது: "ஆமாம்டா. ஆனாலும் எடுக்கறார்!"